கொடுத்ததைத் திரும்பக் கேட்பவர்

அவர் எனக்குக் கொடுத்த பரிசு ஒன்றுகூட இப்போது என்னிடம் இல்லை. எல்லாவற்றையும் அவரே திரும்ப வாங்கிக்கொண்டார்.

ராயபுரத்தில், துறைமுகத்துச் சுவரிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி, ஒரு வீட்டின் மாடி அறையில் சில வருடங்கள் வாடகைக்கு இருந்தேன். பத்திரிகை வேலை. கீழ்வீட்டில் அவரும் கணவரும் மகளும். தெரு முழுவதும் அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டது. நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டிய ஒல்லியான பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நுனிவரை இறக்கிவிட்டு, அதற்கு மேலாக மனிதர்களைப் பார்ப்பார். கண்ணாடி வழியாகப் பார்ப்பது நூலை மட்டும்தான்.

ஐப்பசி மழை பிடித்ததும் அவர் வீட்டில் கிறிஸ்துமஸ் வேலை தொடங்கிவிடும். குரோஷா வேலை. முனையில் சிறு கொக்கி வைத்த ஒற்றை ஊசி, வெள்ளைப் பருத்தி நூல்கண்டு, வேறொன்றும் வேண்டாம். ரிமோட்டுக்கு உறை, பைபிளுக்கு உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்கு உறை, முனைவீட்டு ஆட்டோவின் கண்ணாடியில் தொங்க ஒரு நட்சத்திரம். பண்டிகைக்கு முதல் நாள் கேக்கும் கல்கல் பலகாரமும் வைத்த தட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் போகும். அந்தத் தட்டிலேயே, அந்த வீட்டுக்கென்று அவர் பின்னிய பொருளும் போகும். இந்து வீடு, கிறிஸ்தவ வீடு என்ற வித்தியாசம் கிடையாது.

இதுவரைக்கும் எந்தத் தெருவிலும் நடக்கக்கூடியதுதான். அவரைப் பற்றி எழுத வேண்டியிருப்பது அதற்குப் பிறகு நடப்பதால்.

முதல் வருடம் எனக்குக் கிடைத்தது, குடிதண்ணீர் கேனுக்கு ஒரு சட்டை. கவிழ்த்து வைத்த கேனின் மேல் சரியாக உட்காரும். கீழே அலை அலையாக ஒரு விளிம்பு. என் அறையிலேயே பார்க்கும்படி இருந்த ஒரே பொருள் அதுதான். புத்தாண்டுக்கு முன்பே படியேறி வந்துவிட்டார்.

“தம்பி, அந்த கேன் சட்டைய கொஞ்சம் கழட்டிக் குடு.”

“ஏன் ஆன்ட்டி?”

“மூணாவது வரிசைல பின்னல் கண்ணு ஒண்ணு வுட்டுப் போச்சி. நேத்து தண்ணி கேக்க வந்தேன் பாரு, அப்பவே பாத்துட்டேன். அதுலர்ந்து எனக்கு சோறு எறங்கல.”

“எனக்குத் தெரியவே இல்லையே.”

“உனக்கு இன்னா தெரியும்? கிய்ஞ்ச பனியன போட்டுகினு ஆபீசுக்குப் போறவன் நீ.”

கழற்றிக் கொடுத்தேன். தவக்காலத்தில் திரும்பி வந்தது. ஈஸ்டர் முடிந்து மறுபடியும் போனது. மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு எரிச்சலாகிவிட்டது. கொடுத்த பிறகு அது உங்களுடையது இல்லை, என்னுடையது என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டார்:

“உங்க பேப்பர்ல தப்பு வந்தா இன்னா பண்ணுவீங்கோ?”

“மறுநாள் திருத்தம் போடுவோம்.”

“பேப்பர திருப்பி வாங்க மாட்டீங்க?”

“எப்படி வாங்குறது? வித்தாச்சே. பாதிப் பேப்பர்ல பஜ்ஜி மடிச்சிருப்பாங்க.”

“அதான் உங்க பேப்பர் அப்டி கீது,” என்று சொல்லிவிட்டு, கேனின் சட்டையைத் தானே உருவிக்கொண்டு கீழே போனார்.

தெருமுனையில் மீன் விற்கும் கஸ்தூரி என்னைப் போல் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிறவர் இல்லை. அவருக்கு இடுப்பில் செருகிக்கொள்ள ஒரு சுருக்குப் பை பின்னிக் கொடுத்திருந்தார் ஆன்ட்டி. அதையும் கேட்கப் போனார். நான் அப்போது வஞ்சிரத்துக்காக நின்றிருந்தேன்.

“இன்னாமே, கிறிஸ்மஸுக்கு குட்த்தியா, வாடகைக்கு வுட்டியா?” என்றார் கஸ்தூரி.

“ஒரு நாளைக்கு குடு கஸ்தூரி. பை வாயி கோணலா கீது.”

“என் வாயே கோணலாத்தான் கீது. அத்தயும் பிரிச்சி பின்னிட்டுப் போறியா?”

நின்றிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஆன்ட்டி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கத்தி, கூடை, செதில் எல்லாவற்றையும் தாண்டி அவருடைய பார்வை கஸ்தூரியின் இடுப்பில் இருந்தது. பத்து நாள் தினமும் வந்து நின்றார். கடைசியில் கஸ்தூரி, பை காசிமேட்டில் படகிலிருந்து மீன் இறக்கும்போது தண்ணீரில் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். பை அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. ஆன்ட்டியின் கைவேலையில் அந்தத் தெருவில் முழுதாகப் பிழைத்தது அநேகமாக அது ஒன்றுதான்.

ஒரு வருடம் கோயிலில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கு, குழந்தை இயேசுவின் சொரூபத்தைப் படுக்க வைக்கும் விரிப்பைப் பின்னிக் கொடுத்தார். பண்டிகைக் காலைப் பூசை முடிந்து ஜனங்கள் குடிலைச் சுற்றி நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, இவர் வேலிக்குள் கைவிட்டு, சொரூபத்தைத் தூக்கி வைக்கோல்மேல் வைத்துவிட்டு, விரிப்பை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் ஓடி வந்தார்.

“இன்னா ஆன்ட்டி இது? ஏசுசாமி வெறும் வைக்கோல்ல படுத்துனு கீறாரு!”

“மாட்டுக் கொட்டாயில பொறந்தவரு. ஒரு நாளு தாங்குவாரு.”

ஒரு நாள் அல்ல. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்குக் குடிலைப் பிரிக்கும்வரை குழந்தை வைக்கோலில்தான் கிடந்தது.

அவருடைய கணவர் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசுவது குறைவு. ஒருமுறை நாங்கள் இருவரும் வாசலில் நின்றிருந்தபோது, உள்ளே ஆன்ட்டி எதையோ பிரித்துக்கொண்டிருந்தார். நூல் உருவப்படும்போது எழும் மெல்லிய ‘சர்’ கேட்டது. “இந்த வூட்ல அவ பிரிச்சிப் போடாத பொருளு நான் ஒருத்தன்தான் தம்பி,” என்றார் கணவர். “கல்யாணத்து அன்னிக்கே தப்பு தெரிஞ்சிபோச்சி. எங்கர்ந்து பிரிக்கறதுனு அவளுக்குத் தெரியல.”

ஆன்ட்டியைப் பற்றி இப்படிச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போய்விடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் மகளின் தலை கிறிஸ்துமஸ் வரைக்கும்.

மகள் ஸ்டெல்லாவை எர்ணாவூரில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். மாமியார் கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை. கோடையில் கல்யாணம் முடிந்த மறுவாரமே ஆன்ட்டி ஊசியை எடுத்துவிட்டார். தலை கிறிஸ்துமஸுக்கு மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு கட்டில் விரிப்பு. உள்ளங்கை அகலத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் எட்டு இதழ் வைத்த ஒரு பூ. சதுரங்களைத் தனித்தனியாகப் பின்னி, பிறகு ஓரத்தோடு ஓரம் வைத்து இணைக்க வேண்டும். அந்த வருடம் தெருவில் வேறு யாருக்கும் எதுவும் பின்னவில்லை. தெரு நிம்மதியாக இருந்தது.

பண்டிகையன்று சம்பந்தி வீட்டார் எல்லாரும் வந்தார்கள். பழம், கேக், வேட்டி, புடவையோடு தட்டில் விரிப்பை வைத்துக் கொடுத்தார் ஆன்ட்டி. மாமியார் அதை அங்கேயே விரித்து, ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு, “கடைல இந்த மாதிரி கிடைக்காது சம்பந்தி,” என்றார். ஸ்டெல்லாவுக்கு முகமெல்லாம் பெருமை. புது வீட்டுக்குள் அவள் தலைநிமிர்ந்து கொண்டுபோன முதல் பொருள் அதுதான் என்று பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

அடுத்த வாரம் ஸ்டெல்லா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினாள். எர்ணாவூர் வீட்டுக் கட்டிலில் விரிப்பு. ஆன்ட்டி போனைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். தலைமாட்டில், இடது ஓரத்தில் ஒரு பூவில் ஏழு இதழ்தான் இருந்தது.

மறுநாள் எண்ணூர் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்தது. “மகள பாத்துட்டு வரேன், என்னையும் எறக்கி வுட்டுடு,” என்று வண்டியில் ஏறிக்கொண்டார். திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. அவற்றின் ஓரமாக ஊர்ந்துகொண்டே கேட்டேன்: “பார்க்கத்தானே போறீங்க?” “வண்டிய பாத்து ஓட்டு,” என்றார் பின்னாலிருந்து. அவருடைய கைப்பைக்குள் கத்தரிக்கோலும் ஊசியும், எட்டு இதழோடு புதிதாகப் பின்னிய ஒரு சதுரமும் இருந்தன.

மாமியார் முதலில் நன்றாகத்தான் நடந்துகொண்டார். டீ கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார். “ஒரு பூவுக்கா இம்மாந்தூரம் வந்தீங்கோ? சரி, ஒக்காந்து மாத்திட்டுப் போங்க.” என்னையும் உட்காரச் சொன்னார். ஆன்ட்டி கட்டிலிலேயே உட்கார்ந்து, பழைய சதுரத்தின் நான்கு ஓரத்தையும் வெட்டி எடுத்துவிட்டு, புதியதை வைத்து இணைத்தார். வேகமான, சுத்தமான வேலை. முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தார்.

நானும் பார்த்தேன். ஏன் அவர் முகம் மாறியது என்று எனக்கே தெரிந்தது. கட்டில் ஜன்னலோரம் இருந்தது. எர்ணாவூரில் ஜன்னல் என்றால் நிலக்கரித் தூளும் சாம்பலும் உள்ளே வரும் வழி. அந்தக் கொஞ்ச நாளிலேயே விரிப்பு முழுவதும் லேசாகச் சாம்பல் பூத்திருந்தது. எல்லாம் ஒரே சீராக மங்கியிருந்ததால் அதுவரை கண்ணில் படவில்லை. இப்போது புதிய சதுரம் மட்டும் பளீரென்று வெள்ளையாக, சட்டையில் ஒட்டுப்போட்டதுபோல் நின்றது. தப்பு இருந்தபோது யாருக்கும் தெரியவில்லை. திருத்தியதும் எல்லாருக்கும் தெரிந்தது.

“இத்த அப்டியே எடுத்துகினு போயி ஒரு தபா தொவச்சி...” என்று தொடங்கினார் ஆன்ட்டி.

மாமியார் டீ கிளாசைக் கீழே வைத்தார். “இன்னா சம்பந்தி, எங்க வூடு கலீஜா கீதுன்றீங்களா?”

“வூட்ட சொல்லல. காத்த சொன்னேன்.”

“காத்து எங்க வூட்டுக்கு மட்டும் தனியா வருதா?”

ஸ்டெல்லா நடுவில் வந்தாள். “அம்மா, அப்டியே வுட்டுடு. நான் இங்கயே தொவச்சிக்கிறேன். எனக்குப் புடிச்சிகீது. ஏழு இருந்தாலும் புடிச்சிகீது, எட்டு இருந்தாலும் புடிச்சிகீது.”

ஆன்ட்டி விரிப்பை மடிக்கத் தொடங்கியிருந்தார். ஒரு மூலையை ஸ்டெல்லா பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் தாயும் மகளும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இழுத்தால் நூல் போய்விடும் என்று பயந்து ஸ்டெல்லாதான் விட்டாள்.

“பொண்ணுக்குக் குட்த்தத திருப்பி எடுத்துகினு போற வூட்ட இப்பதான் பாக்கறேன்,” என்றார் மாமியார். குரல் உயரவில்லை. “எடுத்துகினு போங்கோ. ஆனா அது மறுபடி இந்தக் கட்டில்ல விரியறவரிக்கும் நீங்க இந்த வாசப்படி ஏற வேணாம். அவளும் அங்க வர வேணாம்.”

திரும்பி வரும் வழியெல்லாம் விரிப்பு மூட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. “ஒரு வாரம்,” என்றார் என் காதருகே. “ஒரே வாரத்துல குட்த்துடுவேன்.”

சொட்டு நீலம் போட்டுத் துவைத்து மொட்டை மாடியில் காயப்போட்டார். நூல் சுருங்கியது. பழைய சதுரங்கள் சுருங்கின அளவுக்குப் புதியது சுருங்கவில்லை. விரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதைச் சரிசெய்யப் பக்கத்துச் சதுரங்களைப் பிரித்தார். பிறகு அவற்றின் பக்கத்துச் சதுரங்களை. ஈஸ்டருக்குள் விரிப்பு என்று ஒன்று இல்லை. கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையச் சதுரங்கள் இருந்தன. ஆடி மாதம் ஸ்டெல்லாவுக்கு டைபாய்டு. தகப்பனை வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை என்பதால் ஆன்ட்டியின் கணவர் மட்டும் கஞ்சியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்.

“ஆஸ்பத்திரிக்கு நீங்களும் போகலாமே ஆன்ட்டி. அது அவங்க வீட்டு வாசப்படி இல்லையே,” என்றேன்.

“இது முடியாம எந்த மூஞ்ச வச்சிகினு தம்பி போறது?”

“அவ விரிப்பா கேட்டா? உங்களத்தான் கேட்டிருப்பா.”

அவர் டப்பாவிலிருந்து அடுத்த சதுரத்தை எடுத்தார். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் நன்றாக நினைவிருக்கிறது. அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்த் துறைமுகத்துக் கால்வாயில் கொட்ட வேண்டும்போல் இருந்தது. கொட்டவில்லை. ஆபீசுக்குப் போனேன்.

ஆனால் அவர் முடித்தார். டிசம்பர் பாதியில் விரிப்பு முழுதாகக் கூடத்தில் விரிந்து கிடந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அடுத்தவர் எழுத்தில் தப்புக் கண்டுபிடிப்பது என் பிழைப்பு. குனிந்து, ஓரம் ஓரமாகத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. சொன்னேன். ஒரு கணம் அவர் முகம் தளர்ந்து, சிறுபிள்ளையின் முகம்போல் ஆனது. அதை அப்படியே மடித்து, பாலிதீன் உறையில் போட்டு, பீரோவில் வைத்துப் பூட்டும்வரை நான் நகரவில்லை. ஸ்டெல்லாவுக்கு அங்கிருந்தே போன் செய்யவைத்தேன். மாமியாரும் இறங்கி வந்தார். பண்டிகைக்கு முதல் நாளே வந்துவிடட்டும், ராத்திரி தங்கி, காலைப் பூசைக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம் என்று சொல்லியனுப்பினார்.

அந்த முதல் நாள் மதியம் ஸ்டெல்லாவே ஆட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அந்த வாசலில் கால் வைக்கிறாள். காய்ச்சலில் இளைத்தது இன்னும் தேறியிருக்கவில்லை. தாய் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆன்ட்டியின் கணவர் புதுச் சட்டையும் பவுடருமாக ஏற்கெனவே ஆட்டோவுக்குள் போய் உட்கார்ந்திருந்தார். கேக் டப்பா அவர் மடியில். நான் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

“குடும்மா, நான் தூக்கிகினு வரேன்,” என்று ஸ்டெல்லா உறையை வாங்கக் கையை நீட்டினாள்.

“இரு. உனக்கு ஒரு தபா பிரிச்சிக் காட்டறேன்.”

“அங்க போயி பாத்துக்கலாம்மா.”

அதற்குள் உறையைப் பிரித்துவிட்டார். கட்டிலின் மேல் விரித்து, கையால் நீவிவிட்டார். நீவிக்கொண்டே போன கை ஒரு இடத்தில் நின்றது.

“அம்மா, வேணாம்.”

“ரெண்டே கண்ணுடி. இந்த ஓரம் லேசா சுருக்கினு கீது.”

“ஆன்ட்டி, நான் பார்த்தேன். ஒண்ணும் இல்ல,” என்று படியிலிருந்து சொன்னேன். அவர் கையில் ஊசி வந்துவிட்டது. எங்கே வைத்திருந்தார் என்று நான் பார்க்கவில்லை.

ஸ்டெல்லா கட்டிலின் மறுமுனையில் உட்கார்ந்தாள். வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். “லாரிங்கோ வந்துட்டா ரோடு அடச்சிக்கும்மா,” என்று சத்தம் கொடுத்தார். அவள் தாயின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண் பிரிந்தது, நான்கானது. ஒரு சதுரத்தின் ஓரம் முழுதாக விட்டுக்கொண்டது. மறுபடி ஹாரன்.

அவள் எழுந்து வந்து தாயின் தோளைத் தொட்டாள். “அம்மா. எனக்கு அது வேணாம். நீ வா. சும்மா வா. அத்தகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“வெறுங்கையோடவா?”

“வெறுங்கையோடதாம்மா.”

“அஞ்சு நிமிஷம்டி. போயி வண்டில ஒக்காரு, தோ வரேன்.”

ஸ்டெல்லா இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய் ஆட்டோவில் தகப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அங்கேயும் காத்திருந்தார்கள். நான் வாசலுக்கு வந்து நின்றேன், ஏதோ என் முகத்தைப் பார்த்தால் வண்டி நிற்கும் என்பதுபோல. கணவர் ஒருமுறை வீட்டைப் பார்த்தார். இறங்குவார் என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்த கேக் டப்பாவைச் சரியாகப் பிடித்துக்கொண்டு, “போப்பா,” என்றார் ஆட்டோக்காரரிடம்.

உள்ளே வந்தேன். அவர் அதே இடத்தில், அதே குனிவில் இருந்தார். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பி அடங்கியது.

“போய்ட்டாங்களா?”

“போயிட்டாங்க ஆன்ட்டி.”

அழுவார் என்று எதிர்பார்த்தேன். தண்ணீர் கொண்டுவரக்கூடத் திரும்பினேன். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். அது நிம்மதி மூச்சு. தவறாக எண்ண வழியே இல்லை.

“நல்ல வேள தம்பி,” என்று விரிப்பின் நடுவில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார். “இங்க பாரு இந்தப் பூவ. பாக்காமயே குட்த்துட்டிருப்பேன்.”

குனிந்து எண்ணினேன். எட்டு இதழும் இருந்தன. நிமிர்ந்து அதைச் சொல்வதற்குள் அவர் கத்தரிக்கோலை எடுத்திருந்தார்.